பெயர்ச்சீட்டில்லாத நாடா

எமது வீடுகளிலே பெயர் எழுதப்படாத பொருள்கள் எத்தனை கிடக்கின்றன என்று என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? அலுமாரியின் மேற்றட்டிலே எந்தப் பூட்டுக்குரியதென்று தெரியாத ஒரு திறப்பு. பழைய றங்குப்பெட்டியின் அடியிலே முகம் தெரிந்தும் பெயர் தெரியாத ஒரு நிழற்படம். உள்ளிருப்பது எண்ணெயோ தைலமோ என்று துணிந்து கூறுவாரில்லாத ஒரு போத்தல். வைத்தவருக்கு அது இன்னதென்று தெரியும். தெரிந்தபடியினாலேயே அவர் எழுதி வைக்கவில்லை. அவர் போனபின் அப்பொருள் ஊமையாகிவிடுகின்றது. அத்தகைய ஊமைப் பொருள் ஒன்றைச் சிறிது பேசவைத்த கதையை வாசகர்களுக்குச் சொல்லக் கருதுகின்றோம்.

2025ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றிலே எமது ஒன்றுவிட்ட அக்கா எம் வீட்டுக்கு வந்தார். அத்தானுடைய ஆட்டைத்திவசம் முடிந்து ஒரு கிழமை கூட ஆகவில்லை. கையிலே ஒரு பிஸ்கற் பேணி. அதைத் திறந்து, ஒலிநாடாப் பேழையிலும் சிறியதான கறுத்த நாடாப் பேழையொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

“தம்பி, அத்தான்ரை மேசை லாச்சியுக்குள்ளை இது கிடந்தது. எறியிறதோ வைச்சிருக்கிறதோ எண்டு எனக்குத் தெரியேல்லை. உம்மட்டைக் கேட்டுச் செய்வமெண்டு கொண்டு வந்தன்.”

கணினியிலுள்ளவற்றுக்குக் காப்புப்பிரதி எடுத்து வைக்கும் காந்த நாடா அது. பெயர்ச்சீட்டு ஒட்டுதற்குரிய இடம் வெறுமையாகவே இருந்தது. செய்தோர் பொறித்த 120 என்ற எண்ணைத் தவிர வேறோர் எழுத்தும் அதன்மேல் இல்லை.

அக்காவின் வினாவின் பின்னே மற்றொரு வினா மறைந்திருந்ததை நாம் அறிவோம். அத்தான் கொழும்பிலே ஒரு கந்தோரின் கணினிப் பகுதியிற் பல ஆண்டுகள் பணியாற்றி, 2001இல் அப்பணியை விட்டு விலகினார். விலகிய காலத்திலே, கந்தோர்ப் பதிவுகளை வீட்டுக்குக் கொண்டுபோனார் என்றொரு பேச்சு எழுந்தது. விசாரணையுமில்லை, வழக்குமில்லை, எனவே, குற்றமற்றவர் என்ற தீர்ப்பும் இல்லை. காற்றிலே வந்த பேச்சுக்கு யார் மறுமொழி கூறுவது? அத்தான் அதைப் பற்றி இறக்கும் வரையும் ஒரு வார்த்தை பேசினாரல்லர். இப்பொழுது அவருடைய மேசையிலே பெயரில்லாத நாடா ஒன்று கிடந்து கண்டெடுக்கப்பட்டிருக்கின்றது. ரொறன்ரோவிலிருக்கும் மருமகள், “அம்மா, அதை அடுப்பிலை போடுங்கோ” என்று தொலைபேசியிலே சொல்லிவிட்டாளாம். அக்காவுக்கு அடுப்பிலே போடவும் மனமில்லை, வைத்திருக்கவும் துணிவில்லை.

எமக்கும் அத்தானுக்கும் உள்ள கடன் வேறு. 2000ஆம் ஆண்டிலே நாம் படிப்பின் பொருட்டுக் கொழும்பு சென்று வெள்ளவத்தையில் அவர் வீட்டிலே தங்கியிருந்தோம். இன்று கல்லூரியில் மாணவர்க்கு நாம் கற்பிக்கும் கணினி அறிவின் அத்திவாரம் அங்கே இடப்பட்டது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போரும் அவர்தம் தோழரும் தோற்றுவித்த யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை எமக்குக் கற்பித்தவர் அத்தானே. கட்டளையைத் தட்டியபின் கையை எடுத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பார். அதன்பின் விசையை அழுத்து என்பது அவருடைய முதலாவது பாடம்.

அன்று அக்காவுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டோம். நாடா எங்கிருந்து வந்ததென்பதை அறிவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வாசிப்பது. கந்தோருக்குரியதென்று தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, உறையிலிட்டுக் கந்தோருக்கு அனுப்புவது. அத்தானுக்குரியதாயின், மேலே வாசிப்பதா இல்லையா என்பதை அக்கா தீர்மானிப்பது. பிறருடைய கடிதம் தவறி எம் கைக்கு வந்தால் உறையின் முகவரியை வாசிக்கலாம். உள்ளே இருப்பதை வாசிக்கலாகாது. நாடாவுக்கும் அதுவே முறையென்று கொண்டோம்.

நிற்க. நாடாவை வாசிக்கும் கருவி இக்காலத்திலே இலகுவிற் கிடைப்பதன்று. எம்மிடம் முன்னர் படித்துப் பல்கலைக்கழகமொன்றின் கணினிப் பிரிவிலே பணிசெய்யும் மாணவர் ஒருவர், கழித்து வைக்கப்பட்டிருந்த பழைய கருவி ஒன்றையும் அதைப் பொருத்துதற்குரிய கணினியையும் அனுமதி பெற்றுக் கொண்டுவந்தார். நாடாவின் மேலிருந்த 120 என்பது அதன் நீளம், 120 மீற்றர். இந்த நீளமுள்ளவை டிடிஎஸ் இரண்டாம் தலைமுறை நாடாக்கள், 1993இல் வெளிவந்தவை. ஆகவே நாடா அதற்கு முற்பட்டதன்று என்பது, ஒன்றையும் வாசிக்கு முன்னரே தெரிந்துவிட்டது. மாணவர் கொண்டுவந்தது மூன்றாம் தலைமுறைக் கருவி. அது முந்திய தலைமுறை நாடாக்களையும் வாசிக்கும்.

முதலிலே, பேழையிலுள்ள எழுதுதடைத் தாழ்ப்பாளை நகர்த்தி, நாடாவில் எதுவும் எழுதப்படாதவாறு செய்தோம். இது மிக முக்கியம். டார் என்ற கட்டளையிலே ஓர் எழுத்து மாறினால், வாசிக்கப் போன நாடாவின்மேல் எழுதிவிடும். பிரித்தெடுப்பதற்கு எக்ஸ், புதிதாய் எழுதுவதற்கு சி. விசைப்பலகையிலே அவ்விரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன! அதன்பின், கருவியிற் பழுதுண்டோ என்றறிய ஒன்றுக்கும் உதவாத வேறொரு பழைய நாடாவை இட்டு ஓட்டிப் பார்த்தோம். அது நன்றாக ஓடி வெளிவந்தபின்னரே அத்தானுடைய நாடாவை உள்ளே செலுத்தினோம்.

முழு நாடாவையும் வாசிக்காது, டிடி என்ற கட்டளையினால் முதலாவது துண்டத்தை மட்டும் கணினிக்குள் எடுத்தோம். துண்டத்தின் அளவு முன்கூட்டித் தெரியாதாகையால், 64 கிலோபைட் வரை இடங்கொடுத்து, வருவது வரட்டும் என்று விட்டோம். வந்தது 10,240 பைட்.

“சேர், இது டார்!” என்றார் மாணவர். டார் கட்டளை வழமையாக எழுதும் துண்டத்தின் அளவு 10,240 பைட் என்பது உண்மையே. ஆனால் டம்ப் என்ற மற்றொரு கட்டளையும் அதே அளவிலே எழுதும் வழக்கமுடையது. டார் கட்டளையாற் பார்த்தபோது, இது டார் கோப்பன்று என்ற மறுமொழியே கிடைத்தது. ஆகவே அத்துண்டத்தின் பைட்டுகளை ஒவ்வொன்றாக எண்களாக அச்சிட்டுப் பார்க்கலானோம்.

டம்ப் எழுதும் தலைப்பகுதியிலே 25ஆம் பைட் தொடக்கம் 28ஆம் பைட் வரையுள்ள நான்கு இடங்களில் ஓர் அடையாள எண் இருக்கும். அந்த எண் 60,012. ஒரு பைட்டிலே 0 முதல் 255 வரையான எண்களே அடங்கும். ஆகவே 60,012 என்பதை 234 தரம் 256, அதனுடன் 108 என்று பிரித்து எழுத வேண்டும். மாணவர்கள் பெருக்கிக் கூட்டிப் பார்க்கலாம். இனி, இந்த 234ஐயும் 108ஐயும் எந்த வரிசையில் எழுதுவது? தமிழிலே அறுபதினாயிரத்துப் பன்னிரண்டு என்று பெரியதை முன்னும் சிறியதைப் பின்னும் சொல்கின்றோம். சில கணினிகளும் அவ்வாறே 0, 0, 234, 108 என்று எழுதும். வேறு சில, சிறியதை முன்னிட்டு 108, 234, 0, 0 என்று எழுதும். எழுதிய கணினி எந்த இனத்ததென்பதை இவ்வரிசையே காட்டிக்கொடுத்துவிடும்.

எமது நெஞ்சு அவ்வேளை சற்றே வேகமாக அடித்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. அத்தானுடைய கந்தோரை 2000ஆம் ஆண்டிலே ஒருநாள் சென்று பார்த்திருக்கின்றோம். அங்கிருந்தவை சன் நிறுவனத்தாரின் ஸ்பார்க் கணினிகள். அவை பெரியதை முன்னெழுதும் இனத்தைச் சேர்ந்தவை. வீடுகளிலே நாம் வைத்திருக்கும் இன்டெல் வகைக் கணினிகளோ சிறியதை முன்னெழுதுபவை.

திரையிலே இருந்தவை 108, 234, 0, 0.

கந்தோரின் ஸ்பார்க் கணினி இதனை எழுதவில்லை. ஆயினும் ஒரு சான்றை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தகாது. அக்கந்தோரிலே இன்டெல் வகைக் கணினி ஒன்றேனும் இருந்ததில்லை என்று எம்மாற் சத்தியஞ் செய்ய இயலுமா? ஆகவே மற்றைச் சான்றுகளையும் தேடினோம்.

அடுத்தது காலம். தலைப்பகுதியின் 5ஆம் பைட் தொடக்கம் 8ஆம் பைட் வரையில் பிரதி எடுத்த நேரம் இருக்கும். யுனிக்ஸ் நேரத்தை 1970 ஜனவரி 1ஆந் திகதி கிறீனிச் நள்ளிரவிலிருந்து சென்ற விநாடிகளாக எண்ணும். நாடாவிலே இருந்த தொகை 94 கோடியே 26 இலட்சத்து 189. அதைத் திகதியாக்கினால் 1999 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. இலங்கை நேரப்படி இரவு 11 மணி 23 நிமிடம். இன்றைய நேரக் கணக்கை வைத்துப் பார்ப்போர் 10 மணி 53 நிமிடம் என்பர், அது பிழை. இலங்கையின் கடிகாரம் 1996இல் இருமுறை மாற்றப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரிலிருந்து 2006 ஏப்ரில் வரை கிறீனிச்சுக்கு ஆறு மணித்தியாலம் முந்தியிருந்தது. அதன்பின்னரே மீண்டும் ஐந்தரை மணித்தியாலமாயிற்று.

“ஞாயிற்றுக்கிழமை இரவு சேர், கந்தோர் பூட்டியிருக்கும். அப்ப இது வீட்டிலை எடுத்ததுதான்” என்றார் மாணவர். விரும்பியதை நிறுவுவதற்கு அறிவு எத்துணை விரைவாக முன்வருகின்றது! கந்தோர்களிலே கிழமைக்கொருமுறை முழுப்பிரதி எடுப்பது, ஆளில்லாத ஞாயிறு இரவிலேதான். கணினி தானாகவே எடுத்துக்கொள்ளும். எனவே அந்தத் திகதி எம் பக்கத்துக்கும் சான்றாகவில்லை, மறுபக்கத்துக்கும் சான்றாகவில்லை.

திகதியை நம்புவதிலுள்ள இடர் பற்றி இவ்விடத்திலே ஒரு செய்தி சொல்லலாம். யுனிக்ஸின் தந்தையருள் ஒருவராகிய டெனிஸ் றிச்சியிடமே 1972, 1973ஆம் ஆண்டுக் காலத்துப் பழைய நாடாக்கள் சில இருந்தன. அவற்றை வாசித்தெடுத்தபின், அவற்றிலுள்ள கோப்புகள் எக்காலத்தவை என்றறிவது எளிதாயிருக்கவில்லை. காரணம் யாதெனில், 1971 நவம்பரில் வெளிவந்த முதலாம் பதிப்பின் கைந்நூற்படி, யுனிக்ஸ் நேரத்தை விநாடியில் அறுபதில் ஒரு பங்காக, 1971 ஜனவரி 1இலிருந்து எண்ணியது. 32 இருமநிலைகளைக் கொண்ட ஓரிடத்தில் அவ்வாறு எண்ணினால் ஏறக்குறைய 829 நாள்களில் இடம் நிரம்பிவிடும். ஆகவே தொடக்க நாளை அவர்கள் மாற்ற வேண்டியதாயிற்று. எந்தத் தொடக்க நாளிலிருந்து எண்ணப்பட்டதென்று தெரியாதவிடத்து, ஒரே எண் இரண்டு மூன்று ஆண்டுகளைக் குறிக்கலாம். அந்தப் பழைய யுனிக்ஸைத் தேடிச் சேர்த்து மீண்டும் ஓடவைத்த அவுஸ்திரேலியரான வொறன் ரூமி போன்றோர், எண்ணை மாத்திரம் நம்பாது கோப்புகளின் உள்ளடக்கத்தையும் கைந்நூல்களையும் ஒப்பிட்டே காலம் துணிந்தனர். உருவாக்கியவருடைய சொந்த நாடாவுக்கே இந்த நிலை!

எமது நாடாவுக்கு மீள்வோம். டம்ப் தலைப்பகுதியிலே பெயர்ச்சீட்டுக்கென்றே 16 பைட் இடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. ஆவலோடு பார்த்தோம். அங்கே எழுதப்பட்டிருந்த சொல், ஆங்கிலத்திலே ‘இல்லை’ என்று பொருள்படும் ‘நன்’ என்பதே. பயனாளர் ஒன்றும் கொடாதவிடத்து டம்ப் தானாக எழுதும் சொல் அது. வெளியேயும் பெயரில்லை, உள்ளேயும் பெயரில்லை. எமக்குச் சிரிப்பு வந்தது, அக்கா சிரிக்கவில்லை.

முந்திய பிரதியின் திகதி என்ற இடத்திலே 1970 ஜனவரி 1 என்றிருந்தது. முந்திய பிரதி எதனையும் கணக்கில் எடாது முழுவதையும் பிரதிசெய்தது என்பது அதன் பொருள். பிரதியெடுக்கப்பட்ட வட்டின் பெயர் அடுத்து இருந்தது. வீட்டுக் கணினிகளில் இலவசமாக ஓடும் பிறீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் இனம் அக்காலத்தில் வட்டுகளுக்கு இட்ட பெயர் அது. சன் கணினிகள் இடும் பெயர் வேறு மாதிரியானது. இது இரண்டாவது சான்று.

கடைசியாகக் கணினியின் பெயருக்குரிய இடம். அங்கே ஆங்கில எழுத்துகளிலே ஒரு தமிழ்ச் சொல் இருந்தது. நாம் உரத்து வாசித்தோம்.

“மாதுளை.”

கந்தோர்க் கணினிகளுக்குக் கிரகங்களின் பெயர் இடப்பட்டிருந்தமை எமக்கு நினைவுண்டு. மாதுளை என்று எதுவும் அங்கில்லை. வெள்ளவத்தை வீட்டிலே மாதுளை மரமும் இல்லை. இஃது என்னவென்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து அக்காவின் குரல் தழுதழுத்து வந்தது.

“அது எங்கடை வீட்டுக் கிணத்தடி மாதுளை, தம்பி. கலியாணம் முடிஞ்ச வரியம் அவர்தான் நட்டவர். கொழும்புக்குப் போன பிறகும், மாதுளை காய்ச்சிருக்கோ எண்டு ஒவ்வொரு கடிதத்திலையும் கேப்பார்.”

பைட்டுகளை எண்ணி நாம் கண்டது ஒரு சொல் மாத்திரமே. அச்சொல்லின் பொருள் அந்த நாடாவிலும் இல்லை. எமது நூல்களிலும் இல்லை. அது அக்காவிடமே இருந்தது. அவர் அருகில் இராவிடின், கணினியின் பெயர் மாதுளை என்று குறித்துக்கொண்டு மேலே போயிருப்போம்.

இவ்வளவில் நாடாவை எழுதியது அத்தானுடைய வீட்டுக் கணினியே என்று துணிந்தோம். உடன்பாட்டின்படி வாசிப்பை நிறுத்தி, அக்காவின் முகத்தைப் பார்த்தோம். “பாரும் தம்பி” என்றார்.

கோப்புகளின் பெயர்ப்பட்டியலை எடுத்தோம். மூன்று பயனாளர் பெயர்கள்: அத்தான், அக்கா, மருமகள். அக்காவின் பெயரிலிருந்த கோப்புறை வெறுமையாயிருந்தது. “எனக்கும் ஒரு இடம் வைச்சிருக்கிறார், நான் ஒருநாளும் அதுக்குக் கிட்டப் போகேல்லை” என்று அவர் சொன்னார். அத்தானுடைய பகுதியிலே ‘சொல்’ என்று ஒரு கோப்புறை இருந்தது. அதிலிருந்த முதலாவது கோப்பைத் திறந்தோம்.

திறந்தவுடன் எம் மகிழ்ச்சி குன்றிற்று. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும், அவற்றிடையே அரைப்புள்ளிகளும் திரையை நிறைத்தன. “சேர், இது மறைகுறியிலை எழுதினது போலை கிடக்கு” என்றார் மாணவர் மெல்ல. அக்கா ஒன்றும் பேசவில்லை. மறைத்து வைப்பதற்கு என்ன இருந்தது? அந்தப் பழைய பேச்சு அறைக்குள்ளே வந்து நிற்பது போலிருந்தது.

சிறிது நேரம் அவ்வெழுத்துகளையே பார்த்திருந்தோம். ஒரு கூட்டம் மீண்டும் மீண்டும் வந்தது: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திடீரென்று அது எம் கண்ணுக்குத் தமிழாயிற்று. அது ‘தமிழ்’ என்ற சொல்லேதான்! ஒருங்குறி வழக்குக்கு வருமுன் எம்மவரிடையே பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவிலே, த இருப்பது ஜே என்ற இடத்தில்; ம இருப்பது கே என்ற இடத்தில்; இகரத்தின் விசிறி பி; ழ இருப்பது ஓ; மெய்யெழுத்தின் புள்ளியே அரைப்புள்ளி. எழுத்துருவை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஆங்கிலக் குப்பை போலத் தோன்றும். அத்தான் ஒன்றையும் மறைக்கவில்லை. 1999இலே தமிழை எழுதுவதற்கு இருந்த வழி அதுவே. உருமாற்றி ஒன்றின் துணையோடு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினோம்.

ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, ஊமல், கங்குமட்டை, காவோலை, சார்வோலை, பன்னாடை. பின்னர் துலா, ஆடுகால், பட்டை. அத்தானின் தாயார் வாயிலே வழங்கிய ஊர்ச்சொற்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, பொருளோடும் வழங்கும் சந்தர்ப்பத்தோடும் நிரைப்படுத்தப்பட்டிருந்தன. அத்தான் இளமையிலே இச்சொற்களைக் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார் என்பதை நாம் கேள்வியுற்றிருந்தோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் வீடுவாசல் விட்டுப் பெயர்ந்தபோது கொப்பிகள் வீட்டிலே விடப்பட்டன. திரும்பி வந்தபோது அவை இல்லை.

“கொப்பியள் போனதோடை அவர் அதை விட்டிட்டார் எண்டல்லோ நான் நினைச்சன்” என்றார் அக்கா.

அவர் விடவில்லை. நினைவிலிருந்ததை இரவிரவாக மீண்டும் தட்டெழுதியிருக்கின்றார். நினைவு முட்டிய இடங்களிலே சொல்லை மாத்திரம் எழுதி, பொருளுக்குப் பதிலாக ‘அம்மாவைக் கேட்க’ என்று குறித்திருந்தார். அத்தகைய சொற்கள் நாற்பத்தொன்று. அம்மா யாழ்ப்பாணத்தில், அவர் கொழும்பில். அம்மா 2000இலே காலமானார். அவற்றை எத்தனை முறை கேட்க எண்ணினாரோ, நாம் அறியோம். அக்கா அந்த நாற்பத்தொன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அங்கேயே பதினேழுக்குப் பொருள் சொன்னார். மாணவர் எழுதிக்கொண்டார்.

இங்கே கதையை முடித்தால் இனிமையாயிருக்கும். ஆயினும் உண்மையில் ஒரு சிறு பகுதி எஞ்சியுள்ளது. நாடாவின் எழுத்து முடியுமிடத்திலே கருவி ஒரு முடிவுக்குறி இடும். முன்னர் பயன்பட்ட நாடாவின்மேல் பின்னர் குறைந்த அளவு எழுதினால், அக்குறிக்கு அப்பால் பழைய எழுத்து எஞ்சியிருக்கக்கூடும். ஆனால் வழமையான கருவி குறியைக் கடந்து செல்லாது. ஆகவே அந்த நாடா கடைக்குப் புதிதாக வந்ததோ, கந்தோரிலே கழிக்கப்பட்டதோ என்பதைக் கருவி கொண்டு சொல்ல எம்மால் இயலவில்லை. இதை அக்காவிடம் மறையாது சொன்னோம். அவர் சிறிதும் கலங்கவில்லை. “பம்பலப்பிட்டியிலை காசு குடுத்து வாங்கினது. நானும் கூடப் போனனான். ‘இவ்வளவு விலையோ’ எண்டு சண்டையும் பிடிச்சனான்” என்றார். கருவிக்குத் தெரியாதது இப்படியும் தெரியவரலாம்.

அக்கோப்புகளை இரண்டு இடங்களிலே பிரதிசெய்து வைத்தோம். ஒன்று அக்காவிடம், மற்றொன்று ரொறன்ரோவில் மருமகளிடம். நாடாவுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு எழுதினோம். கணினி: மாதுளை. எடுத்த நாள்: 14.11.1999, முழுப்பிரதி. எழுதிய கட்டளை: டம்ப், துண்டம் 10,240 பைட். உள்ளே: வீட்டுக் கோப்புகள், தமிழ் பாமினியில். வாசித்த மாதம்: 2025 ஆவணி. இவ்வளவும் எழுத நான்கு நிமிடம் சென்றது. இதைக் கண்டறிய எமக்குச் சென்றவை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்.

இதன்பின் சில மாதங்களில் ஒரு செய்தி வாசித்தோம். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திலே களஞ்சிய அறையொன்றைத் துப்புரவு செய்தபோது பழைய காந்த நாடாவொன்று அகப்பட்டது. அதன்மேல், இது பெல் ஆய்வுகூடத்திலிருந்து வந்த யுனிக்ஸ் நான்காம் பதிப்பு என்று கையால் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. 1973இல் வெளியான அந்தப் பதிப்பு, கருவையும் சி மொழியில் எழுதிய முதலாவது பதிப்பு. முழுமையான பிரதி அழிந்துவிட்டதென்றே பலரும் எண்ணியிருந்தனர். கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசென்று 2025 டிசெம்பரிலே அதை வாசித்தெடுத்தனர். எழுதியவர் காலமாகிப் பல ஆண்டுகள் சென்றுவிட்டன. அவர் எழுதிய அந்த ஒற்றை வரி இல்லாதிருந்தால், துப்புரவு செய்தவர்கள் அந்த நாடாவை என்ன செய்திருப்பார்களோ!

அச்செய்தியை வாசித்த அன்று எமது அலுமாரியைத் திறந்து பார்த்தோம். ஒலிநாடா ஏழு, இறுவட்டு பதினொன்று. ஒன்றிலேனும் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை. பிறர் நாடாவுக்கு மூன்று ஞாயிறு செலவிட்ட ஆசிரியரின் அலுமாரி இது! ஒலிநாடாக்களில் ஒன்றிலே எம் தாயார் பாடிய தேவாரம் இருக்க வேண்டும். எதிலென்று தெரியவில்லை. அன்றே இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதத் தொடங்கினோம். இன்னும் நான்கு எஞ்சியுள்ளன.

இன்றும் ஞாயிற்றுக்கிழமையே. இப்பத்திரிகையை மடித்து வைத்தபின், வாசகர்கள் தம் வீட்டு அலுமாரியிலிருந்து பெயரில்லாத பொருள் ஒன்றை எடுத்து, அது இன்னதென்று அறிந்தவர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு எழுதி ஒட்டுவார்களாயின், அத்தானுடைய நாடாவைப் பற்றி நாம் எழுதியது வீண்போகாது. பென்சிலால் எழுதினாலும் போதும்.